ராஸ்சுந்தரி தேவியை யாரும் தடுக்கவில்லையா?

கரிசல்வாசி: வங்காளியில் தன்வரலாறு எழுதிய ராஸ்சுந்தரி தேவி, "பிறந்த வீட்டுப் பள்ளியிலேயே எழுத்துக் கற்றவர், அவரை யாரும் தடுக்கவில்லை" என்று மேலவீதி எழுதியிருப்பதைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் பையன்களுக்குப் பாடம் நடத்த, ஓர் ஓரத்தில் சிறுமியை உட்கார வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

மேலவீதி: உட்கார்ந்தார் என்பதை ஒப்புக்கொள்கிறீர்கள் அல்லவா? காதில் விழுந்த எழுத்துகளை மனத்தில் வைத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். நான் சொன்னதும் அதுதான்.

கரிசல்வாசி: காதில் விழுவது கல்வியாகுமா? 12 வயதில் மணமாகிப் போனவர், ஏறத்தாழ 25 வயதில், கணவருடைய சைதன்ய பாகவதத்திலிருந்து (வைணவ ஞானி சைதன்யரின் வரலாற்றைப் பாடும் வங்காளி நூல்) ஓர் ஏட்டை உருவி அடுக்களையில் ஒளித்து வைத்தார். மூத்த மகன் எழுதிப் பழகிய பனையோலையையும் எடுத்து வைத்துக்கொண்டு, சமையலுக்கு நடுவே முக்காட்டுக்குள் அந்த ஓலையையும் ஏட்டையும் ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பார்த்தார். தடையே இல்லாத வீட்டில் எந்தப் பெண் இப்படி ஒளிந்து படிப்பாள்? படித்த பெண் விதவையாவாள் என்று ஊரே நம்பிய காலம் அது. கல்கத்தாவில் பெத்தூன் பெண்கள் பள்ளி தொடங்கியதே அதற்குப் பிறகு, 1849இல்தான்.

வைகறை: கணவர் நல்லவர் என்றுதானே அவர் எழுதுகிறார்? அவரிடமே கேட்டிருக்கலாமே.

கரிசல்வாசி: பெண் கையில் காகிதத்தைக் கண்டாலே வீட்டு மூத்த பெண்கள் சினந்த காலத்தில், 12 பிள்ளைகளைப் பெற்று அடுக்களையிலேயே பொழுதைக் கழித்தவர் யாரிடம் போய்க் கேட்பது? பெரியார் பற்றிய பழைய விவாத இழையிலும் நீங்கள் இப்படித்தான் படிக்காமலே தீர்ப்புச் சொன்னீர்கள், வைகறை.

வைகறை: பழைய இழையை இங்கே இழுக்காதீர்கள். அன்று பதில் சொல்லாமல் வெளியேறியவர் நீங்கள்தான்.

மேலவீதி: நீங்கள் இருவரும் எங்கு வேண்டுமானாலும் போங்கள், பள்ளியில் உட்கார்ந்தது உண்மை.

கரிசல்வாசி: அந்தப் பள்ளியே போதுமென்றால், பிற்காலத்தில் வெளியூரிலிருந்த மகன், தன் கடிதங்களுக்குப் பதில் வரவில்லையே என்று குறைப்பட்டு எழுதுகோலும் மையும் வாங்கிக் கொடுத்த பிறகுதான் எழுதப் பழகினார் என்பதற்கு என்ன விளக்கம் சொல்வீர்கள்?

மேலவீதி: எழுத வராதது வேறு, எழுத்துத் தெரிந்திருந்தது வேறு. பள்ளியில் உட்காரவில்லை என்று அவர் எழுதிய வரியைக் காட்டுங்கள், பிறகு பேசலாம்.