காட்டுக் கதவில் ஒரு கன்று

[பெரிய தோட்டம் குடும்பக் குழு]

அமுதா: (படம்)

அமுதா: விடியற்காலையில் யாரோ நம் தோட்டத்துக் காட்டுக் கதவில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். காளைக்கன்று, சிந்துக் கலப்பு. தொப்புள்கொடி இன்னும் காயவில்லை.

நடராஜ் பெரியப்பா: மறுபடியுமா?

சரவணன்: யார் வேலை? காது வில்லையில் 12 இலக்க எண் இருக்குமே, அதை வைத்துப் பிடித்துவிடலாம்.

அமுதா: பிறந்த கன்றுக்கு ஏது அண்ணா வில்லை? கயிறுகூட இல்லை. பழைய சேலைக் கரையைக் கிழித்து, கழுத்து இறுகாமல் முடிச்சுப் போட்டு, கதவோரம் வெள்வேல் மரத்தின் நிழல் விழுகிற பக்கமாகக் கட்டியிருக்கிறார்கள். மனசில்லாமல்தான் விட்டிருக்கிறார்கள்.

சரவணன்: 1960ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, பட்டினி கிடக்கும்படி இப்படி விட்டுப் போவதே குற்றம்.

ராஜேஸ்வரி அத்தை: சட்டம் கிடக்கட்டும் சாமி. சீம்பால் குடித்ததா?

அமுதா: தெரியவில்லை அத்தை. வயிறு ஒட்டிக் கிடக்கிறது. விரலைக் கொடுத்தால் சப்புகிறது.

ராஜேஸ்வரி அத்தை: சப்பினால் பிழைத்துக்கொள்ளும். முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் போனால்தான் நோயைத் தாங்கும், ஒரு நாள் கடந்தால் உடம்பில் ஒட்டாது. மேற்கு வீட்டில் ராத்திரிதான் மாடு ஈன்றிருக்கிறது. திரட்டுப்பால் கிண்டுவதற்குள் போய்க் கேட்கிறேன். நீ தொப்புளுக்கு டிஞ்சர் அயோடின் வை. ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும்.

நடராஜ் பெரியப்பா: விட்டவனைச் சொல்லியும் குற்றமில்லை. 30 கிலோ கன்றுக்குப் பத்தில் ஒரு பங்கு, நாளுக்கு 3 லிட்டர் பால் வேண்டும். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தாலும் 100 ரூபாய்க்கு மேல். பெண் கன்று, கிடாரி என்றால் நாளைக்குக் கறக்கும். டிராக்டர் வந்த பிறகு காங்கேயம் காளைக்கே வேலை இல்லை, இதை எந்த ஏரில் பூட்டுவது?

கௌதம்: அக்கா, படத்தை இன்ஸ்டாவில் போடட்டுமா? யாராவது தத்தெடுப்பார்கள்.

அமுதா: வேண்டாம்டா. போன தடவை நீ போட்டதற்கு மாடு கேட்டு ஒருவரும் கூப்பிடவில்லை. மாட்டைக் கொண்டுவந்து விடலாமா என்றுதான் போன் வந்தது.

கௌதம்: அப்போ நாலு மூட்டை அரிசி வாங்கி அனுப்பட்டுமா?

ராஜேஸ்வரி அத்தை: ஐயோ. சோறு அதிகமானால் மாட்டுக்கு வயிறு புளித்து உப்பி உயிருக்கே ஆபத்து. பெங்களூரில் இருந்துகொண்டு அரிசி வேண்டாம் கண்ணு, சோளத்தட்டுக்குக் காசு அனுப்பு.

நடராஜ் பெரியப்பா: அமுதா, இப்போது எத்தனை உருப்படி?

அமுதா: மடி வற்றிய மாடு இரண்டு, கன்று மூன்று, எருமைக்கிடா ஒன்று. இதோடு ஏழு.

நடராஜ் பெரியப்பா: வளர்ந்த மாட்டுக்கு நாளுக்கு 25 கிலோ பசுந்தீவனம், 5 கிலோ தட்டு. நம் மேய்ச்சல் நிலம் கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல் மழை இருக்கும் வரைதான். அப்புறம்?

அமுதா: அதைத்தான் நானும் யோசிக்கிறேன் பெரியப்பா. இதை வைத்துக்கொள்கிறேன். அடுத்தது வந்தால் முடியாது என்று சொல்லிவிடுவேன். தட்டுப்போர் பங்குனிக்குள் தீர்ந்தால், எட்டாவதைக் காப்பாற்றப் போய் ஏழும் எலும்பாகிவிடும்.

சரவணன்: ராத்திரியில் கட்டிவிட்டுப் போகிறவனிடம் எப்படிச் சொல்வாய்?

அமுதா: பால் ஊற்றும் இடத்தில் எல்லோரிடமும் சொல்லப்போகிறேன். கதவில் போர்டும் வைக்கிறேன். அதோடு, சினை ஊசிக்குப் போகும்போது கிடாரி பிறக்கிற ஊசியாகக் கேட்கச் சொல்கிறேன். பத்துக்கு ஒன்பது கிடாரிதான். கன்று பிறந்த பிறகு என்னிடம் வருவதைவிட அது மேல்.

நடராஜ் பெரியப்பா: நல்லது. போர்டில் என் நம்பரைப் போடாதே.

ராஜேஸ்வரி அத்தை: மூன்று வாரம் மற்றதோடு சேர்க்காமல் தனியாகக் கட்டு. கழிச்சல் கண்டால் உடனே 1962 நம்பருக்குப் போன் அடி, டாக்டர் வண்டி வரும்.

ராஜேஸ்வரி அத்தை: சீம்பால் கிடைத்துவிட்டது. தூக்குப்போசியில் வைத்திருக்கிறேன். யாராவது வண்டி எடுத்துக்கொண்டு வாங்க.

சரவணன்: கிளம்பிவிட்டேன் அத்தை.

அமுதா: அண்ணா, வழியில் மருந்துக்கடையில் ரப்பர் நிப்பிள் இரண்டு. பெரிய சைஸ்.