பிளாசிப் போரை விளையாட்டாக வடிவமைக்கிறேன்: மீர் ஜாபரை என்ன செய்வது?

கேள்வி

வணக்கம். 1757 ஜூன் 23 அன்று நடந்த பிளாசிப் போரை இருவர் ஆடும் பலகை விளையாட்டாக வடிவமைத்து, விரும்புவோர் வீட்டிலேயே அச்சிட்டு வெட்டிக்கொள்ளும் கோப்பாக வெளியிட எண்ணியிருக்கிறேன். பாகீரதி ஆறு, மாந்தோப்பு, நவாபின் வேட்டை மாளிகை எல்லாம் அறுகோணக் கட்டங்களில் ஒழுங்காக அமைந்துவிட்டன. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் தலைவர் கிளைவிடம் ஏறத்தாழ 3,000 பேர், வங்காள நவாப் சிராஜ் உத் தௌலாவிடம் ஏறத்தாழ 50,000 பேர். நவாபின் தளபதிகளாக இருந்தும் கிளைவோடு இரகசியமாகச் சேர்ந்துகொண்ட மீர் ஜாபர், ராய் துர்லப், யார் லுத்புகான் ஆகிய மூவரின் படைகளும் அசையாமல் நின்றதால்தான் கிளைவ் வென்றார். அந்தப் படைகளை நகர்த்தக் கூடாது என்று விதி எழுதினால், நவாபாக ஆடுபவர் வெறுமனே வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கிறது. நகர்த்தலாம் என்றாலோ, அவர் முதல் சுற்றிலேயே மூவரையும் தோப்பின் மீது ஏவிவிடுகிறார்; நான்காம் சுற்றில் கிளைவின் படை ஆற்றுக்குள் கிடக்கிறது. இதற்கு என்ன வழி?

மறுமொழி 1

முடிவை அறிந்தவர்களே ஆட வருகிறார்கள் என்பதுதான் உங்கள் சிக்கல். மீர் ஜாபர் சொன்னபடி நடப்பாரா என்பது கிளைவுக்கே உறுதியில்லை. ஜூன் 21 அன்று கூடிய போர்க்குழுவில் கிளைவும் பெரும்பான்மையோடு சேர்ந்து, உடனே தாக்க வேண்டாம் என்றே வாக்களித்துவிட்டுப் பிறகு மனம் மாறினார். ஆகவே ‘நிற்பார்’, ‘போரிடுவார்’, ‘கட்சி மாறுவார்’ என்று எழுதிய சில்லுகளைக் கலைத்து, மூவரின் அடியிலும் ஒவ்வொன்றைக் கவிழ்த்து வையுங்கள். நவாப் கட்டளையிடும்போதுதான் சில்லைத் திருப்ப வேண்டும். அதுவரை இருவருமே பார்க்கக் கூடாது.

மறுமொழி 2

மேற்சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. சதி என்பது பேரம். அதைக் குலுக்கல் ஆக்கினால் பிளாசியின் உயிரே போய்விடும். 1600-இல் ஜப்பானில் நடந்த செகிகாஹாரா போரைப் பற்றி ஜிஎம்டி என்ற நிறுவனம் வெளியிட்ட பலகை விளையாட்டில் பகடையே கிடையாது. எதிரியின் படையினரது விசுவாசத்தைச் சோதிக்கும் சீட்டு உண்டு, அதற்கு ஈடான சீட்டைக் காட்ட முடியாதவரின் படை அந்த இடத்திலேயே பக்கம் மாறிவிடும். உங்கள் விளையாட்டிலும் கிளைவ் போருக்கு முன்பே வாக்குறுதிகளைச் செலவிடட்டும். எவ்வளவு அள்ளிக் கொடுக்கிறாரோ, அந்த அளவுக்கு அவருடைய வெற்றிப் புள்ளிகள் குறையட்டும். நவாபுக்கும் ஒரு பதில் ஆயுதம் வேண்டும். நவாபுக்கு விசுவாசமாகப் போரிட்ட தளபதி மீர் மதன் இறந்த பிறகு சிராஜ் தன் தலைப்பாகையை மீர் ஜாபர் முன் போட்டு, மானத்தைக் காக்குமாறு மன்றாடியதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஆட்டம் முழுவதிலும் ஒரே முறை பயன்படுத்தும் சீட்டாக அதை வைக்கலாம்.

மறுமொழி 3

மழையை விட்டுவிடாதீர்கள். ஆங்கிலேயர் தார்ப்பாயால் வெடிமருந்தை மூடிக் காத்தனர், நவாபின் மருந்து நனைந்து பீரங்கிகள் ஓய்ந்தன. விதிகளை எழுதி முடித்ததும், உங்களை அறியாத இருவரிடம் கொடுத்து ஆடச் சொல்லி, வாய் திறக்காமல் அருகில் அமர்ந்து பாருங்கள். அது சற்றுக் கொடுமையான அனுபவம்தான்.

கேள்வி கேட்டவர்

இரண்டு யோசனைகளையும் இணைத்து நேற்று ஆடிப் பார்த்தோம். கவிழ்த்த சில்லுகள் இருக்கின்றன. தலைப்பாகைச் சீட்டைப் போட்டால் நவாப் ஒன்றை மட்டும் இரகசியமாகப் பார்த்துவிட்டு, விரும்பினால் வேறொரு சில்லுக்கு மாற்றிக்கொள்ளலாம். நவாபாக ஆடிய நண்பர் மீர் மதன் உயிரோடு இருக்கும்போதே அந்தச் சீட்டை வீசிவிட்டார். மீர் ஜாபர் ‘போரிடுவார்’ ஆகி, கிளைவ் மாந்தோப்பிலேயே முற்றுகையிடப்பட்டார். இரண்டாம் ஆட்டத்தில் நண்பர் யோசிக்காமலே சரியான சில்லை எடுத்தபோதுதான் கவனித்தேன்: ‘கட்சி மாறுவார்’ சில்லை வெட்டும்போது அளவுகோல் நழுவி, ஒரு மூலை சாய்ந்திருந்தது. அந்தத் தாளை மறுபடி அச்சிட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.