ஏடிவி ஆஃப்ரோட் ஃப்யூரி ஓடின மட்டக்களப்பு, அம்பாறை ஆட்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

டிவியில் பூட்டி விளையாடுகிற பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ் டூ) என்று பேச்சு வந்தாலே எல்லாரும் கிரிக்கெட்டையும் ஜிடிஏவையும்தான் சொல்கிறார்கள். நான் கேட்பது ஏடிவி ஆஃப்ரோட் ஃப்யூரியைப் பற்றி. நாலு சில்லு வண்டியில் மணலிலும் புழுதியிலும் பாய்ந்து ஓடுகிற அந்த கேம். மட்டக்களப்பு டவுனில் மணித்தியாலக் கணக்குக்குக் காசு வாங்கி விளையாட விட்ட கடைகளில் அதைத் தொட்டவர்கள் இங்கே கட்டாயம் இருப்பீர்கள். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன்.

நாங்கள் கல்லடிப் பக்கம். பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் பாலம் தாண்டி டவுனுக்கு வந்தால் கடையில் பெரிய டிவிக்கு எப்போதும் அண்ணன்மார் வரிசையில் நிற்பார்கள், கார் ரேஸ் ஓட. மூலையில் ஒரு சின்ன டிவி. அதில் எது கிடக்கிறதோ அதைப் போட்டுத் தாங்க என்று கேட்டதில் கடைக்காரர் போட்டுத் தந்த டிஸ்க்தான் இது. கொஞ்ச நாளில் பெரிய டிவி காலியாக இருந்தாலும் நாங்கள் மூலையை விட்டு எழும்பவில்லை.

ஏன் அப்படிப் பிடித்தது என்று இப்போது யோசித்தால் காரணம் வேகம் இல்லை, நிலம். தார் ரோட்டு கேம்களில் பாதை தட்டையாகக் கிடக்கும், நேரம் பார்த்துக் கிறுகினால் சரி. இதில் நிலமே ஏறி இறங்குகிறது. மேட்டில் ஏறும்போது கொன்ட்ரோலரின் இடது பக்கக் குச்சியைக் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும், சொக்கப்சோபர் அமுங்கும், மேட்டின் உச்சி வருகிற அந்த நொடியில் மேலே தள்ளினால் வண்டி அப்படியே எகிறிப் போகும். கொஞ்சம் பிந்தினாலும் சும்மா ஒரு துள்ளல்தான், பின்னால் வந்தவன் தலைக்கு மேலால் போய்விடுவான். எகிறினால் மட்டும் போதாது, இறங்குவது அடுத்த மேட்டின் சரிவில் இருக்க வேண்டும். தட்டை நிலத்தில் விழுந்தால் இருந்த வேகமெல்லாம் போய்விடும். ஆகவே ஒரு மேட்டில் ஏறும்போதே அடுத்ததையும் அதற்கடுத்ததையும் கண் பார்த்துக்கொண்டிருக்கும். நாவலடி மணலில் சைக்கிள் ஓடிப் பழகின எங்களுக்கு இந்த நிலத்தைப் பார்த்து ஓடுகிற பழக்கம் ஏற்கெனவே உடம்பில் இருந்தது என்றுதான் நான் நம்புகிறேன்.

மறுகா அந்த எல்லை! போட்டி எதுவும் இல்லாமல் சும்மா சுற்றித் திரிய ஒரு பகுதி இருக்கிறதே, அதில் போய் நிலத்தின் விளிம்பில் நிற்கிற மலையில் விழுந்து எழும்பி ஏறுவோம். உச்சிக்குப் போய் இன்னும் கொஞ்சம் வெளியே போனால் டமார் என்று ஒரு சத்தம், வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கமாக வானத்தில் பறந்து வந்து நடுவில் விழுவான். முதல் தடவை அது நடந்தபோது கார் ரேஸ் ஓடின அண்ணன்மாரே திரும்பிப் பார்த்தார்கள். இது இந்த கேமைச் செய்த ரெயின்போ ஸ்டூடியோஸின் பழைய கைவேலை என்று பிறகுதான் வாசித்தேன். அமெரிக்காவில் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரத்துக்காரர்கள், 1998இல் கம்ப்யூட்டருக்குச் செய்த மோட்டோகிராஸ் மேட்னஸ் என்ற கேமிலேயே எல்லை தாண்டினவனை இப்படித்தான் தூக்கி எறிந்திருக்கிறார்கள். 'இதற்கு மேல் போக முடியாது' என்று ஒரு சுவரைக் கட்டிவிட்டுப் போயிருக்கலாம். அதையே பொடியன்மார் தேடிப்போய் அனுபவிக்கிற விஷயமாக மாற்றினார்கள் பாருங்கள், அந்த மனசுக்காகவே அவர்களை எனக்குப் பிடிக்கும்.

2001இல் வந்த முதலாவது ஃப்யூரியும் 2002இல் வந்த இரண்டாவதும் ரெயின்போ செய்தவை. 2004இல் மூன்றாவதும் 2006இல் நாலாவதும் கிளைமாக்ஸ் என்ற வேறு ஸ்டூடியோ செய்தது. வண்டிகளும் பாதைகளும் கூடினது உண்மை, ஆனால் அந்த மேட்டில் அமுங்கி எகிறுகிற உணர்வு முதல் இரண்டில்தான் இருக்கிறது. இதில் யாரோடும் வாதாட நான் தயார்.

சரி, உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

கல்முனையில் இருந்து ஒருவர்:

நானா, வாதாட நான் வந்துவிட்டேன். எங்கள் வீட்டில் பிஎஸ் டூ இல்லை, பழைய பிஎஸ் ஒன்றுதான். அதில் நான் ஓடினது ஏடிவி குவாட் பவர் ரேசிங், 2000ஆம் ஆண்டு அக்லெய்ம் என்ற கம்பனி வெளியிட்டது. அதைச் செய்தவர்கள் யார் தெரியுமா? நீங்கள் குறை சொல்கிற அதே கிளைமாக்ஸ்தான். ஃப்யூரி கிடைப்பதற்கு முதலே நாலு சில்லு வண்டியில் கை பழகினவர்கள் அவர்கள்.

எங்கள் மெஷினில் லேசர் தேய்ந்துபோய் நேராக வைத்தால் டிஸ்க் வாசிக்காது. தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால்தான் ஓடும். உம்மா மேசை துடைக்க வந்து அதை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போவார், நானும் தங்கச்சியும் கத்துவோம். பாதையில் பனி, சேறு, காட்டு வழி எல்லாம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும், ஆனாலும் சில்லு வழுக்குவது கைக்குத் தெரிந்தது. பிஎஸ் ஒன்றில் அவ்வளவு கொண்டுவந்தவர்களைக் குறைத்துச் சொல்லாதீர்கள். அக்லெய்ம் 2004இல் இழுத்து மூடப்பட்டது. அந்த டிஸ்க் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஏறாவூர், இப்போது கத்தாரில்:

நான் சொல்லப்போவது கேம் பற்றி மட்டும் இல்லை. இங்கே சீலைன் என்று கடலோரத்தில் மணல் குன்றுகள் இருக்கின்றன, வெள்ளிக்கிழமை லீவில் ரூமில் இருக்கிற பொடியன்மாரோடு போய் உண்மையான நாலு சில்லு வண்டியை வாடகைக்கு எடுத்தேன். ஏறி உட்கார்ந்ததும் அதிர்ந்துபோனேன். மோட்டார் சைக்கிள் மாதிரி முறுக்குகிற எக்ஸிலேட்டர் இல்லை, வலது கைப் பெருவிரலால் தள்ளுகிற ஒரு சின்ன நெம்பு. கேமில் எக்ஸ் பொத்தானை அழுத்தினதும் அதே பெருவிரல்தான்! எத்தனையோ பின்னேரங்கள் அந்த விரல் பழகின வேலை.

ஆனால் ஒன்றைக் கேம் சொல்லித்தரவில்லை, அதைக் கவனமாகக் கேளுங்கள். விளையாட்டு வகை வண்டிகளில் பின் சில்லு இரண்டும் ஒரே அச்சில் இறுக்கமாகப் பூட்டியிருக்கும். வளைவில் உள்பக்கச் சில்லும் வெளிப்பக்கச் சில்லும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் வண்டி நேராகப் போகவே பார்க்கும். உடம்பை உள்பக்கம் நன்றாகச் சாய்த்தால்தான் கிறுகும். மற்றது, குன்றின் உச்சியில் கண்ணை மூடிக்கொண்டு பாயக் கூடாது. மறுபக்கம் செங்குத்தாக இறங்கும், அங்கே இன்னொருவர் நின்றால் தெரியாது. நீளத் தடியில் கொடி கட்டி ஓடுவது அதற்காகத்தான். அந்தக் கொடி இல்லாத வண்டியை எடுக்காதீர்கள், ஹெல்மெட் இல்லாமல் ஏறவும் வேண்டாம். கேமில் பறந்து விழுந்தவன் உடனே எழும்பி ஓடுவான், இங்கே அப்படி இல்லை.

ஆரையம்பதியில் இருந்து:

பழைய மெஷினைத் திரும்ப எடுத்து ஓடப் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம். புது எல்ஈடி டிவியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரைப் போட்டு ஓடினால் படம் மங்கலாக இருப்பது மட்டுமில்லை, அழுத்துவதற்கும் வண்டி அசைவதற்கும் இடையில் ஒரு தாமதம் வரும். அந்தப் பழைய சிக்னலைத் தன் திரைக்கு ஏற்றபடி மாற்ற டிவி எடுக்கிற நேரம் அது. மற்ற கேமில் சமாளிக்கலாம். இதில் அண்ணன் சொன்ன அந்த உச்சி நொடி தப்பிப்போகும், நம் கை மறந்துவிட்டது என்று நினைத்துக் கவலைப்படுவோம். டிவியின் செட்டிங்கில் கேம் மோட் இருந்தால் போடுங்கள், பழைய பெட்டி டிவி கிடைத்தால் அதுதான் சரி.

கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றுக்கு வயர் குத்துகிற இடமெல்லாம் பச்சை பிடித்திருக்கும், முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள். திகதியும் நேரமும் ஒவ்வொரு தடவையும் அழிந்தால் பயப்பட வேண்டாம், உள்ளே இருக்கிற சின்ன வட்ட பட்டரி முடிந்திருக்கும், மாற்றலாம்.

என்னிடம் பெட்டி டிவி ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது, ஃப்யூரி இரண்டாவதும் இருக்கிறது. திரையைப் பிரித்து ஓட ஆள்தான் இல்லை. மட்டக்களப்பில் இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், கொன்ட்ரோலர் மட்டும் கொண்டுவாருங்கள், என்னுடைய இரண்டிலும் இடது குச்சி தானாக ஒரு பக்கம் இழுக்கிறது.