குற்றவியல் கற்க எந்தப் பட்டப்படிப்பு?

வெள்ளவத்தை மாணவி: உயர்தரத்தில் கலைப் பிரிவில் தோற்றி பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளிக்காகக் காத்திருக்கும் எனக்கு, குற்றவியலுக்குச் சட்டமா சமூகவியலா பொருத்தம் எனத் தீர்மானிக்க இயலவில்லை.

முதற் பதில்: தங்கச்சி, ஸ்ரீ ஜயவர்த்தனபுர பல்கலைக்கழகத்தில் குற்றவியலே பட்டப் பாடமாக உள்ளது. வழக்காடும் எண்ணமிருந்தால் மட்டும் சட்டத்தைத் தெரிவுசெய்யுங்கள். சட்டப் படிப்பில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையைப் பிரிவு பிரிவாகப் படிக்க நேரிடும்.

இரண்டாம் பதில்: விடுதலையான ஒருவர் ஏன் மீண்டும் சிறைக்கு வருகிறார் என்ற கேள்வியே உங்களை ஈர்க்கிறதென்றால், ஆய்வு முறையியலையும் புள்ளிவிபரவியலையும் கற்பிக்கும் சமூகவியல்தான் உறுதியான அடித்தளம். புள்ளிவிபரம் என்றதும் பலர் ஓடிவிடுவது வேறு கதை.

மூன்றாம் பதில்: விண்ணப்பிக்குமுன் புதுக்கடை நீதவான் நீதிமன்றத்தின் பின்வரிசையில் ஒரு காலைப்பொழுது அமர்ந்து, பிணை மனுக்கள் எவ்வளவு விரைவாக முடிகின்றன என்று பாருங்கள். சிங்களம் புரியாவிட்டால் இப்போதே கற்கத் தொடங்குங்கள்.