புதுப்பிப்பு: இன்னொருவரின் இலவச விமானத்துக்கு நான் தீட்டிய வண்ணம் – பகிர்ந்தாயிற்று

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 என்ற விமானம் ஓட்டும் கணினி விளையாட்டுக்கு ஒருவர் இலவசமாகத் தந்த விமானத்துக்குப் புது வண்ணம் தீட்டியிருந்தேன். அதைப் பகிரலாமா என்று கேட்டும் அவரிடமிருந்து பதில் வரவில்லை, எப்படிப் பகிர்வது என்று இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்னவர்களுக்கு நன்றி.

கைகொடுத்தது, "மூல விமானத்தைச் சேர்க்காதீர்கள், உங்கள் கோப்புகளை மட்டும் கொடுங்கள்" என்றதுதான். என் தொகுப்பில் மாடல் (விமானத்தின் முப்பரிமாண வடிவம்) கிடையாது, ஏர்கிராஃப்ட்.சிஎஃப்ஜி என்ற அமைப்புக் கோப்பிலுள்ள பேஸ்_கன்டெய்னர் வரி மூல விமானத்தின் ஃபோல்டரைக் காட்டும். ஆக, விமானத்தை அவரிடமிருந்தே இறக்கிக்கொள்ள வேண்டும். தொகுப்போடு வரும் குறிப்புக் கோப்பான ரீட்மீயின் முதல் வரியில் அவர் பெயர்.

எதிர்பாராதது: கடைசியாகச் சேர்த்த டெக்ஸ்சர் (வண்ணம் உள்ள படக் கோப்பு) விளையாட்டில் தெரியவே இல்லை. தொகுப்பின் கோப்புப் பட்டியலான லேஅவுட்.ஜேசனில் பதியாத கோப்பை சிமுலேட்டர் கண்டுகொள்ளாது. அந்தப் பட்டியலைத் திரும்ப உருவாக்கியதும் சரியாகிவிட்டது.

அப்புறம், பகிர்ந்த பிறகு அவரே பதில் போட்டார்! ஆட்சேபம் இல்லை, காசுக்கு விற்கக் கூடாது, அவ்வளவுதானாம். அதையும் ரீட்மீயில் சேர்த்துவிட்டேன்.