ஒன்பதாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா செஞ்சு காட்ட ஐடியா வேணும்

சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம். குடியாத்தம் பக்கம் ஒரு ஸ்கூல்ல கணக்கு எடுக்கறேன், பசங்க நம்பர் இருக்கற வரைக்கும் நல்லா போடறாங்க, எக்ஸ்னு ஒண்ணு வந்துட்டா பேனாவ கீழ வெச்சிடறாங்க.

தீக்குச்சில ஆரம்பிச்சேன், எங்க ஊர்ல அதுக்கு பஞ்சமா. வரிசையா சதுரம் அடுக்க சொன்னா 4, 7, 10னு போகுது, 3என் + 1 அவங்களே கண்டுபுடிச்சிட்டாங்க. அப்புறம் சார்ட் அட்டைய வெட்டி பெரிய சதுரம் எக்ஸ் ஸ்கொயர், நீளப்பட்டை எக்ஸ், குட்டி சதுரம் ஒண்ணுன்னு வெச்சு ஒரு பெரிய சதுரம், 5 பட்டை, 6 குட்டி குடுத்து செவ்வகமா அடுக்குங்கடான்னேன், பக்கத்த அளந்தா எக்ஸ் + 2, எக்ஸ் + 3, காரணிப்படுத்துறது அங்கயே முடிஞ்சிடுச்சு.

சிக்கல் மைனஸ்லதான். தராசுல 2எக்ஸ் + 3 = 11 அழகா வருது, ஆனா எக்ஸ் - 4ன்னா தட்டுல எதை வெக்கறது? சிவப்பு அட்டை மைனஸ், ஒரு சிவப்பும் ஒரு பச்சையும் சேந்தா பூஜ்ஜியம்னு சொல்றேன், பாதி பேருக்கு ஏறல.

அடுத்து ரெண்டு மாறி சமன்பாடு வேற வருது. காட்பாடி ஸ்டேஷன்ல ரெண்டு ஆட்டோ, ஒண்ணு 40 ரூபா பிளஸ் கிலோமீட்டருக்கு 12, இன்னொண்ணு 20 பிளஸ் 16, எத்தன கிலோமீட்டர்ல ரெண்டும் ஒண்ணாகும்னு கிரவுண்ட்ல சுண்ணாம்புல கிராஃப் போட்டு பசங்கள புள்ளியா நிக்க வெக்கலாம்னு பாக்கறேன் (5 கிலோமீட்டர்ல வெட்டிக்கும்), வெயில் விட்டாதான்.

யாராவது மைனஸுக்கு கையால செய்யற மாதிரி எதாவது பண்ணியிருந்தா போட்டோவோட போடுங்க. லேப், புரொஜெக்டர் எதுவும் இல்ல, அட்டை கத்திரி லெவல்ல இருந்தா போதும்.