"கர்ப்பப்பை வாயில் புண்" என்று சொல்லப்பட்டவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

தும்பை:
டாக்டர் அரை நிமிஷம்கூடப் பார்த்திருக்க மாட்டார். "வாயில புண் இருக்கு. ரெண்டு குழந்தை ஆச்சுல்ல, கர்ப்பப்பையை எடுத்துடலாம்." செல்களைத் தடவியெடுத்துப் பார்க்கும் ஸ்மியர் டெஸ்ட் கூட எடுக்கவில்லை. எனக்கு வயது 36. மனசு கேட்காமல் இன்னொரு டாக்டரிடம் போனேன். கர்ப்பப்பை வாயைக் கருவியால் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபி செய்தார். அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிஷம் காத்திருந்தார். அப்புறம் திரையை என் பக்கம் திருப்பி, "கெட்டது இருந்தா வெள்ளையா எழும்பும். எங்கயாவது தெரியுதாம்மா?" என்றார். எங்கும் இல்லை. அந்தச் சிவப்பு புண்ணே இல்லையாம், உள்பக்கத்துச் செல்கள் வெளியே தெரிகின்றனவாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸ் டெஸ்டும் நெகட்டிவ். முதல் டாக்டர் ஆபரேஷன் தேதி எழுதிக் கொடுத்த சீட்டு இன்னும் என் பையில் இருக்கிறது.

குயில்:
ஸ்மியர் சரியில்லை என்று வந்த வாரமே எனக்கு லீப் (மின்கம்பி வளையத்தால் கர்ப்பப்பை வாயில் ஒரு துண்டை வெட்டி எடுப்பது) செய்துவிட்டார்கள். கால்போஸ்கோபி, பயாப்ஸி (சிறு துண்டு கிள்ளி எடுத்துச் சோதிப்பது) எதுவும் இல்லை. வெட்டிய துண்டின் ரிப்போர்ட் பிறகு வந்தது: சிஐஎன் 1, அதாவது செல் மாற்றத்தில் மிக லேசான நிலை. அது பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. அடுத்த குழந்தை 33-வது வாரத்திலேயே பிறந்தான். லீப்தான் காரணமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இன்குபேட்டர் கண்ணாடிமேல் கை வைத்து நின்றது மட்டும் மறக்கவே மாட்டேன் என்கிறது.

செம்பருத்தி:
தும்பை, குயில், உங்கள் வலி புரிகிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு யாராவது சிகிச்சையே வேண்டாம் என்று இருந்துவிடக் கூடாது. என் அக்காவுக்கு சிஐஎன் 3, அதில் கடுமையான நிலை. பயந்துகொண்டு தள்ளிப்போட்டாள், புற்றுநோயாகிவிட்டது. அவ்வளவுதான் என்னால் எழுத முடியும். டாக்டரிடம் கேளுங்கள்: உள்பக்கச் செல்கள் வெளிப்பக்கச் செல்களாக மாறும் பகுதி முழுவதும் கண்ணுக்குத் தெரிந்ததா? மாதவிடாய் நின்றவர்களுக்கு அது உள்ளே போய்விடும், வெளியே பார்த்து "நார்மல்" என்றால் போதாது. எத்தனை இடத்தில் பயாப்ஸி எடுத்தார்கள்? எச்பிவி டெஸ்ட் செய்தார்களா? 30 வயதிலிருந்து அந்த டெஸ்டைத்தான் முதலில் செய்யச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே 2021-இல் பரிந்துரைத்திருக்கிறது. லீப் என்றால் எவ்வளவு ஆழம் என்று கேளுங்கள். ஆழம் கூடினால் குறைப்பிரசவ ஆபத்தும் கூடும்.

தும்பை:
செம்பருத்தி, சிகிச்சை வேண்டாம் என்று நான் எங்கே எழுதினேன்? ஒரு ஸ்மியராவது எடுத்திருக்கலாமே என்றுதான் கேட்கிறேன்.

மருதாணி:
எனக்கு எச்பிவி 16 (புற்றுநோய் ஆபத்து அதிகமுள்ள வகை) பாசிட்டிவ். முதல் முறை ஒரே இடத்தில் கிள்ளி எடுத்தார்கள், நார்மல். வேறு டாக்டர் 3 இடத்தில் எடுத்தார். ஒன்றில் சிஐஎன் 3. திரையில் அவர் விரல் வைத்துக் காட்டிய வெள்ளைப் புள்ளி அரிசி அளவுகூட இல்லை. செல்கள் மாறும் பகுதியை மட்டும் லீப்பில் எடுத்தார்.